பதினாறுக்கு இன்னும் பதின்மூன்று நாள்

090531.

2025 மே 31, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கிள்ளானில் ஒரு பேரங்காடியின் நான்காவது மாடியில் இருக்கும் தியேட்டரில், புஷ்பவல்லி ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று எண்களை எழுதினார். மேலே 120531. கீழே 070531. நடுவில் இருந்தது 090531. காகிதத்தை டிக்கெட் ஸ்கேன் செய்யும் கருவியின் முதுகில் செலோடேப் போட்டு ஒட்டினார். வேலைக்கு வந்ததும் தினமும் அவர் செய்கிற முதல் காரியம் அதுதான்.

மலேசிய அடையாள அட்டையில், எல்லாரும் ஐசி என்று சொல்வதில், முதல் ஆறு எண்கள் பிறந்த தேதி. வருடம், மாதம், நாள். வாசலில் நின்று வயதைக் கேட்டால் பொய் வரும். ஐசியைக் கேட்டால் எண் வரும், ஆனால் பின்னால் இருநூறு பேர் நிற்கும்போது கழித்துப் பார்க்க நேரம் இருக்காது. அதனால் புஷ்பவல்லி கழித்தலைக் காலையிலேயே முடித்து வைத்துவிடுவார். 13, 16, 18 என்று படங்களுக்குப் போடும் மூன்று வயதுத் தரத்துக்கும் மூன்று எண். 16 போட்ட படத்துக்கு வருகிறவரின் எண் 090531 அல்லது அதைவிடச் சிறியது என்றால் உள்ளே போகலாம். பெரியது என்றால் முடியாது. தொண்ணூறுகளிலும் அதற்கு முன்னாலும் பிறந்தவர்களின் எண்ணும் பெரிதாகத்தான் இருக்கும், ஆனால் அவர்களை முகமே காட்டிக் கொடுத்துவிடும்.

இந்த முறையை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரத்தில் அவராகக் கண்டுபிடித்தார். இப்போது அந்தத் தியேட்டரில் வாசலில் நிற்கும் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

புஷ்பவல்லிக்கு நாற்பத்தொன்பது வயது. மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பதினேழு ஆண்டு வேலை செய்தவர். கணவர் சிறுநீரகக் கோளாறில் இறந்தார். அடுத்த ஆண்டு தொழிற்சாலை அவர் வேலை செய்த பிரிவை மூடியது. வாடகை வீட்டை விட்டுவிட்டு, "ரெண்டு மாசம் மட்டும் இருந்துக்கிறேன்" என்று சொல்லி, பண்டமாரானில் அக்கா மலர் வீட்டுக்கு இரண்டு பெட்டியோடு வந்தார். அது நடந்து ஐந்து ஆண்டு ஆகிறது. பின்பக்கம் துணி துவைக்கும் இயந்திரம் இருக்கிற அறைதான் அவருக்கு. இயந்திரம் ஓடும்போது கட்டிலும் சேர்ந்து ஆடும்.

அந்த அறையிலிருந்து வெளியேற அவரிடம் ஒரே வழி இருந்தது. அரசாங்கத்தின் குறைந்த வாடகை அடுக்குமாடி வீட்டுக்கு விண்ணப்பம் போட வேண்டும். அதற்கு நிரந்தர வேலை வேண்டும், தொடர்ச்சியாக ஆறு மாதச் சம்பளச் சீட்டு வேண்டும். மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் வைத்திருந்த தியேட்டர் நிர்வாகம் இந்தப் பிப்ரவரியில்தான் அவரை நிரந்தரமாக்கியது. மே மாதத்தோடு நான்கு சீட்டு. இன்னும் இரண்டு.

ஆனால் அவருடைய கோப்பில் ஒரு கடிதமும் இருந்தது. போன நவம்பரில் 18 போட்ட ஒரு படத்துக்கு ஓர் அப்பா ஒன்பது வயது மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பையன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். அப்போதைய மேனேஜர், "தூங்குறான்லக்கா, விடுங்க" என்றார். விட்டார். முதல் சண்டையிலேயே பையன் எழுந்து படம் முழுக்க அழுதான். யாரோ வீடியோ எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். கடிதத்தில் மேனேஜர் பெயர் இல்லை, புஷ்பவல்லி பெயர் மட்டும் இருந்தது. இரண்டாவது கடிதம் வந்தால் வேலை போய்விடும். நிர்வாகத்தின் விதி அது.

அந்தச் சனிக்கிழமை பதினொன்றரைக் காட்சிக்கு 16 போட்ட புதிய தமிழ்ப் படம். பள்ளி விடுமுறை வேறு. புஷ்பவல்லி காகிதத்தை ஒட்டி முடித்தபோது கைப்பேசியில் அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. கறுப்பு டி-சட்டையில் எட்டுப் பேர். சட்டையின் முன்பக்கம் 'ஜெயராஜ் குடும்பம்' என்று மஞ்சள் எழுத்து. ஜெயராஜ் மலரின் கணவர், துறைமுகத்துக்குக் கொள்கலன் ஏற்றும் லோரிகள் மூன்றுக்குச் சொந்தக்காரர். பூச்சோங்கிலிருந்து அவருடைய தம்பி, தம்பி மனைவி, கல்லூரியில் படிக்கும் அவர்களுடைய இரண்டு மகன்கள் வந்திருந்தார்கள். ஜெயராஜின் மூத்த மகன் பிரகலாதன் இருந்தான். ஓரத்தில் இளையவள் ஷர்வினி, சட்டை முழங்கால் வரை தொங்க, சிரிக்காமல் நின்றாள்.

'கோயிலுக்குப் போயிட்டு நேரா வர்றோம்' என்று கீழே எழுதியிருந்தது.

புஷ்பவல்லி படத்தைப் பார்த்தார். ஸ்கேன் கருவியின் முதுகைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

பன்னிரண்டு வயதில் ஷர்வினிக்கு ஐசி எடுக்கப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போனவர் அவர்தான். அன்று மலருக்கு வேலை, ஜெயராஜுக்கு லோரி. அட்டை கையில் வந்ததும், "பொட்டு கோணலா இருக்கு சித்தி, வேற எடுக்கச் சொல்லுங்க" என்று அவள் கவுண்டரிலேயே அழுதது நினைவிருந்தது. அட்டையில் இருந்த எண்ணும் நினைவிருந்தது. 090613.

ஜூன் பதின்மூன்று. இன்னும் பதின்மூன்று நாள்.

ஆனால் பதினொரு நாளைக்கு முன்னால்தான் அவளுக்குப் பதினாறு முடிந்தது என்று வீட்டில் கொண்டாடியிருந்தார்கள். ஜெயராஜ் கோயில் நிர்வாகக் குழுவில் இருப்பவர். அவர் வீட்டில் பிறந்தநாள் என்றால் நட்சத்திரப் பிறந்தநாள். ஐசி தேதி பள்ளிக்கூடத்துக்கும் வங்கிக்கும்தான். ஷர்வினி வைகாசி அவிட்டம். இந்த ஆண்டு வைகாசி அவிட்டம் மே இருபதாம் தேதியே வந்துவிட்டது. மாலையில் அர்ச்சனை, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் கேக். கேக்கின் மேல் ஒன்று, ஆறு என்று இரண்டு மெழுகுவர்த்தி.

அந்த மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தபோதுதான் ஜெயராஜ் கேட்டார்.

"புஷ்பா, அந்தப் படத்துக்கு என்ன ரேட்டிங் போட்டிருக்கான்?"

"பதினாறு, அத்தான்."

"பாப்பா வரலாமா?"

"அதான் பதினாறு ஆயிடுச்சே. தாராளமா வரலாம்."

ஒரு நாளைக்கு முந்நூறு ஐசி பார்க்கிற புஷ்பவல்லிதான் அதைச் சொன்னார். வாயில் கேசரி இருந்தது, எதிரே மெழுகுவர்த்தி இருந்தது. வீட்டுக் கணக்கு வேறு, வாசல் கணக்கு வேறு என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. முன்பதிவு திறந்த அன்றே தன் கைப்பேசியிலிருந்து, தன் பெயரில், எட்டு டிக்கெட்டையும் எடுத்துக் கொடுத்தார். ஜி வரிசை, நடுவில்.

இப்போது மணி பத்து பத்து. அக்காவை அழைத்தார். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். நான்கு முறைக்குப் பிறகு விட்டுவிட்டு ஷர்வினியை அழைத்தார். அவள் எடுத்தாள். பின்னால் கோயில் மணியும் ஜெயராஜின் குரலும் கேட்டன.

"பாப்பா, அப்பாட்ட போனைக் குடு. அவசரம்."

ஜெயராஜ் வாங்கினார். "என்ன புஷ்பா, சீட்டு மாறிடுச்சா?"

"இல்ல அத்தான். நான் தப்பு பண்ணிட்டேன். பாப்பாவோட ஐசி-ல ஜூன் பதிமூணு. இன்னிக்கு அவளை உள்ள விட முடியாது. அவளை வீட்டுல விட்டுட்டு வாங்க, இல்ல எல்லாருக்கும் வேற நாள் பார்க்கலாம்."

மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. "சாமி கணக்குல முடிஞ்சுபோச்சு. நீயும்தானே கேக் வெட்டுறப்ப கை தட்டுன?"

"தட்டுனேன் அத்தான். ஆனா ரூல்ஸ் வந்து..."

"அட, வாசல்ல நிக்கிறதே நீ. அப்புறம் எங்களுக்கு என்ன பயம்?" என்று சொல்லி வைத்துவிட்டார்.

புஷ்பவல்லி மேனேஜர் பிரவினைத் தேடிப் போனார். அவனுக்கு இருபத்தெட்டு வயது, இந்தக் கிளைக்கு வந்து ஐந்து மாதம். பாப்கார்ன் கவுண்டரில் சோள மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, பதினொன்னேகால்ல இருந்து அரை மணி நேரம் என்னை இங்க போடுங்க. நான் பாப்கார்ன் பார்க்கிறேன். வாசல்ல வேற யாரையாச்சும் நிறுத்துங்க."

"ஏன்க்கா?"

சொன்னார். பிரவின் மூட்டையைக் கீழே வைத்தான்.

"அக்கா, இதை நீங்க என்கிட்ட சொல்லவே இல்ல. ஓகேவா?"

"சொல்லிட்டேனே தம்பி."

"ஆள் இல்லக்கா. ரெண்டு பேர் உடம்பு சரியில்லன்னு எம்சி. மூணு ஹாலுக்கு நீங்க ஒருத்தர்தான்." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "பதினொன்னு இருபதுக்கு நான் மேல ப்ரொஜெக்டர் ரூமுக்குப் போவேன். அஞ்சு நிமிஷம். அந்த நேரத்துல யார் உள்ள போனாங்கன்னு எனக்குத் தெரியாது."

"கேமராவுக்குத் தெரியுமே."

பிரவின் கூரையில் இருந்த கேமராவை நிமிர்ந்து பார்த்தான். "கேமராவை ஹெட் ஆபீஸ் பார்க்கும்க்கா. நான் பார்க்கமாட்டேன்."

போன நவம்பரில் பழைய மேனேஜரிடம் கேட்ட அதே அன்பான குரல். புஷ்பவல்லி தன் இடத்துக்குத் திரும்பினார்.

பத்தே முக்காலுக்கு எஸ்கலேட்டர் நிறைந்துவிட்டது. சிவப்புக் கயிற்றுக்குப் பின்னால் வரிசை வளைந்து வளைந்து பொம்மைக் கடை வரை போனது. கைக்குழந்தைகள், விசில்கள், நடிகரின் முகம் அச்சிட்ட சட்டைகள். கூடவே சாக்குகள். புஷ்பவல்லிக்கு அவை எல்லாமே பழக்கம்.

"ஐசி வீட்டுல இருக்கு ஆன்டி. அக்காவோட ஐசி போட்டோ இருக்கு, நாங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் இருப்போம்."

"அக்காவே வரட்டும், விடுறேன்."

"கைப்புள்ளைக்கு என்னக்கா தெரியப்போகுது?"

"தெரியாதுல்ல? அப்ப எதுக்கு அதுக்குப் படம்?"

"இவன் எலும்பு சின்ன எலும்பு அக்கா. பாக்கத்தான் பொடியன்."

"எலும்பைக் கேக்கல அண்ணே. ஐசியைக் கேட்டேன்."

சின்ன எலும்புப் பையனுக்குப் பதினான்கு வயது. ஐசியில் 110204. அவனுடைய அப்பா கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார், காப்பாரிலிருந்து பஸ்ஸில் வந்தவர். கெஞ்சினார், பிறகு கோபப்பட்டார், பிறகு மகனை இழுத்துக்கொண்டு எதிரே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கிளம்பவில்லை. அடுத்து யாரை விடுகிறார், யாரை விடவில்லை என்று எண்ணுகிறவர் போலப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பதினொன்றே காலுக்கு எஸ்கலேட்டரில் மஞ்சள் எழுத்துகள் வந்தன.

ஜெயராஜ் முன்னால் வந்தார். நெற்றியில் விபூதி, கையில் கோயில் பிரசாதம் இருந்த பிளாஸ்டிக் பை. "புஷ்பா, பொங்கல் இருக்கு, அப்புறமா சாப்பிடு" என்று பையை ஸ்கேன் மேசையில் வைத்தார். பின்னால் வரிசையில் இருந்தவர்களிடம், "நம்ம கொழுந்தியா" என்றார். அவர்களும் தலையாட்டினார்கள்.

புஷ்பவல்லி பூச்சோங் குடும்பத்தின் நான்கு டிக்கெட்டை ஸ்கேன் செய்தார். பிரகலாதனை விட்டார். மலரை விட்டார். ஐந்து பேர் கயிற்றைத் தாண்டிப் போனார்கள், மலர் கயிற்றுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார். ஷர்வினி வந்ததும் புஷ்பவல்லி கையை நீட்டினார்.

"ஐசி குடு பாப்பா."

ஷர்வினி கொடுத்தாள். கோணல் பொட்டு. 090613. புஷ்பவல்லி காகிதத்தோடு வைத்துப் பார்த்தார். பார்க்கத் தேவையே இல்லை, ஆனாலும் பார்த்தார்.

"அத்தான், ஏழு பேர் போகலாம். பாப்பா போக முடியாது."

ஜெயராஜ் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். கைப்பேசியை எடுத்து விரலால் தள்ளித் தள்ளி ஒரு படத்தைக் காட்டினார். கேக். மேலே இரண்டு மெழுகுவர்த்தி. "இதோ பாரு. கேக்குலயே போட்டிருக்கு. பக்கத்துல கை தட்டிக்கிட்டு நிக்கிறது யாரு?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது.

"நான்தான் அத்தான். அர்ச்சனை பண்ணுனது அவிட்டத்துக்கு. இங்க அவிட்டம் செல்லாது."

"ரெண்டு வாரம் லா புஷ்பா. ரெண்டே ரெண்டு வாரம். அதுக்குள்ள பொண்ணு வளந்துடப்போறாளா?"

"விடுங்கக்கா, ஒரே ஒரு பொண்ணுதானே" என்றார் வரிசையில் இருந்த ஒரு பெண். "சீக்கிரம் பண்ணுங்க பாஸ், படம் போட்டுடுவான்" என்றது இன்னொரு குரல்.

அப்போதுதான் கட்டம் போட்ட சட்டைக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்தார். கைப்பேசியை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார்.

"விடுவாங்க, விடுவாங்க. சொந்தக்காரங்கல்ல? என் பையனுக்குத்தான் ரூல்ஸ். நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன் அக்கா."

அவர் மகன், "அப்பா, வாங்கப்பா" என்று சட்டையைப் பிடித்து இழுத்தான்.

பதினொன்று இருபது. பிரவின் படியேறி மேலே போவது தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. கூரையில் கேமரா, எதிரே கைப்பேசி, மேசையில் பொங்கல். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அக்கா. புஷ்பவல்லிக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டும் போல இருந்தது. போக முடியாது, வாசலில் வேறு ஆள் இல்லை.

மலர் கயிற்றின் மேல் சாய்ந்து, "புஷ்பா, உனக்கு நாங்க என்ன குறை வச்சோம்?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம்.

"ஒரு குறையும் இல்லக்கா."

"அப்புறம்?"

"இன்னொரு லெட்டர் வந்தா வேலை போயிடும். வேலை போனா வீட்டு விண்ணப்பம் போயிடும். உன்கிட்ட சொல்லியிருக்கேன்ல?"

"இப்ப எங்க வீட்டுலதானே இருக்க? அது வீடு இல்லையா?" என்றார் ஜெயராஜ். சிரிப்பு நின்றுவிட்டது. வரிசையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "எட்டுப் பேரும் உள்ள போறோம். இல்ல, எட்டுப் பேரும் வீட்டுக்குப் போறோம். டேய், எல்லாரும் வெளிய வாங்கடா!"

உள்ளே போன ஐவரும் கதவருகே தயங்கி நின்றார்கள். சரியாகப் பதினொன்றரைக்கு அரங்கத்துக்குள்ளிருந்து தரையே அதிரும்படி ஒரு மேளச் சத்தமும் நூறு விசிலும் வந்தன.

"அண்ணே," என்றார் பூச்சோங் தம்பி, "டைட்டில் போட்டுட்டான்."

"போடட்டும்."

"என்ட்ரி போயிடும்ணே."

தம்பியின் மகன்களில் ஒருவன் கதவைத் தள்ளி, எட்டிப் பார்க்கிறவன் போல உள்ளே போனான். திரும்பவில்லை. அவனைக் கூட்டி வரப்போன அண்ணனும் வரவில்லை. அப்புறம் பிரகலாதன். அப்புறம் தம்பியின் மனைவி, "புள்ளைங்க இருட்டுல சீட்டைத் தேடுவானுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தம்பி அண்ணனைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், போய்விட்டார். கடைசியில் மலர். "பாப்பாவைப் பார்த்துக்க" என்று புஷ்பவல்லியிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

ஜெயராஜும் ஷர்வினியும் மட்டும் நின்றார்கள். பின்னால் வரிசை முணுமுணுத்தது.

"நீங்களும் போங்கப்பா" என்றாள் ஷர்வினி. "எல்லாரும் பாக்குறாங்க. எனக்கு ஷையா இருக்கு."

ஜெயராஜ் மகளுடைய தோளிலிருந்து கையை எடுத்தார். மேசையின் மேல் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில் பேசினார்.

"போர்ட்ல வேலை செய்யுற ரெண்டு பேர் அந்தப் பின்னால் ரூமைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. தெரியும்ல?"

"தெரியும் அத்தான்."

"தெரிஞ்சுதான் பண்ற."

புஷ்பவல்லி கையை நீட்டி அவருடைய டிக்கெட்டை வாங்கி ஸ்கேன் செய்தார். கருவி பீப் என்றது. "ஜி ஒன்பது, அத்தான். மூணாவது ஹால்."

அவர் போனார். கட்டம் போட்ட சட்டைக்காரர் கைப்பேசியைத் தாழ்த்தினார். மகனோடு எஸ்கலேட்டரில் இறங்கிவிட்டார். வரிசையில் இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள். புஷ்பவல்லி அடுத்தவரிடம் கையை நீட்டினார்.

வரிசை முடிந்ததும், ஊழியர்கள் உட்காரும் முக்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டார். ஷர்வினி அதில் உட்கார்ந்தாள். பேரங்காடியில் தனியாகச் சுற்றவிட புஷ்பவல்லிக்கு மனமில்லை, கூடப் போகவும் வழியில்லை. படம் இரண்டே முக்கால் மணி நேரம். கதவு மூடியிருந்தாலும் வெட்டுக்குத்துச் சத்தம் சுவர் வழியாக வந்தது.

"சித்தி, இப்ப உள்ள என்ன நடக்குது?"

"வெட்டுறாங்க."

"எத்தனை பேரை?"

"இதுவரைக்கும் கேட்ட சத்தத்துக்கு ஒரு இருபது பேர் இருக்கும்."

ஷர்வினி காதைச் சுவரில் வைத்துக் கேட்டாள். "இது மீன் மார்க்கெட் ஃபைட்டு. கொக்கியில மாட்டித் தூக்குவான் பாருங்க, இப்ப கத்துவான்."

உள்ளே ஒருவன் கத்தினான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நேத்தே டிக்டாக்ல வந்துடுச்சு சித்தி. கிளாஸ்ல எல்லாருமே பார்த்துட்டாங்க. கிளைமாக்ஸ்கூட இருக்கு. காட்டட்டா?"

புஷ்பவல்லி சிரித்துவிட்டார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான். பிறகு, "வேணாம். நான் வேலையில இருக்கேன்" என்றார்.

கொஞ்ச நேரம் இருவரும் பொங்கலைப் பிளாஸ்டிக் கரண்டியால் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். ஷர்வினி கரண்டியை நக்கிவிட்டுச் சொன்னாள்: "நான் கார்லயே அப்பாட்ட சொன்னேன், சித்திக்குப் பிரச்சனை ஆயிடும்னு. அவர் கேக்கல. சித்தி நம்ம சித்தின்னார்."

"நம்ம சித்திதான்."

"உங்களை வெளிய அனுப்பிடுவாரா?"

ஒரு மணிக் காட்சிக்கு ஒரு குடும்பம் வந்தது, கார்ட்டூன் படம். புஷ்பவல்லி போய் ஆறு டிக்கெட்டை ஸ்கேன் செய்தார். அந்தப் படத்துக்கு யாரும் வரலாம், எண் பார்க்க வேண்டியதில்லை.

இரண்டேகாலுக்குக் கதவு திறந்தது. பூச்சோங் பையன்கள் சண்டைக் காட்சியை நடித்துக் காட்டிக்கொண்டே வந்தார்கள். மலரின் கண் சிவந்திருந்தது, படத்தில் யாரோ இறந்திருக்க வேண்டும். "அம்மா சென்டிமென்ட் நல்லா இருக்கு புஷ்பா" என்று பழக்கத்தில் சொல்ல ஆரம்பித்து, கணவரைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஜெயராஜ் மகளைக் கைகாட்டி அழைத்தார். வாசலில் இருந்தவரைப் பார்க்கவில்லை. எட்டுக் கறுப்புச் சட்டைகளும் எஸ்கலேட்டரில் இறங்கின. புஷ்பவல்லிக்கு ஆறு மணி வரை வேலை இருந்தது. அன்று வேலை சீக்கிரம் முடியக்கூடாது என்று இருந்தது அவருக்கு.

தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. பாராட்டும் வரவில்லை. பிரவின் திங்கட்கிழமை, "அக்கா, நீங்க பண்ணதுதான் கரெக்ட்" என்றான். "நீங்க மேல இருந்தீங்களே தம்பி, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் புஷ்பவல்லி. அவன் சோள மூட்டையைத் தேடிப் போய்விட்டான்.

பண்டமாரான் வீட்டில் யாரும் கத்தவில்லை. ஜெயராஜ் அவரிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். சொல்ல வேண்டியதை மலர் வழியாகச் சொன்னார், மூன்றடி தூரத்தில் நின்றாலும். "உன் தங்கச்சிகிட்ட சொல்லு, கேட்டைப் பூட்டணும்னு." மலரும் திரும்பி, "கேட்டைப் பூட்டணுமாம்" என்பார். புஷ்பவல்லி போய்ப் பூட்டுவார். சாப்பாடு வழக்கம்போல மூடி வைக்கப்பட்டிருந்தது. ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஒரு வேளையாவது இல்லாமல் இருந்தால், கோபித்துக்கொண்டு எங்கேயாவது போயிருக்கலாம்.

ஜூன் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, துறைமுக வேலையாட்கள் இரண்டு பேர் பின்னறையைப் பார்க்க வந்தார்கள். புஷ்பவல்லி வேலையில் இருந்தார். வீட்டுக்குத் திரும்பியபோது அவருடைய இரண்டு பெட்டியும் ஹாலில் இருந்தன. துணிகள் ஒழுங்காக மடிக்கப்பட்டிருந்தன, மலரின் மடிப்பு. எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. ஷர்வினி வந்து ஒரு பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துத் தன் அறைக்குள் இழுத்துப் போனாள். ஜெயராஜ் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தடுக்கவில்லை. கொஞ்சம் பொறுத்துப் புஷ்பவல்லி இரண்டாவது பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனார்.

ஜூன் 11, புதன்கிழமையோடு அந்தத் தமிழ்ப் படத்தைத் தியேட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் புஷ்பவல்லி புதிய காகிதத்தில் மூன்று எண்களை எழுதினார். நடுவில் 090613 என்று வந்தது. எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு செலோடேப்பைக் கிழித்தார். அன்று மூன்று ஹாலிலும் 16 போட்ட படம் எதுவும் இல்லை.

மே, ஜூன் சம்பளச் சீட்டுகள் வந்துவிட்டன. ஆறாவது சீட்டு ஜூலை 31 அன்று கிடைக்கும், விண்ணப்பத்தை அதற்கு மறுநாள்தான் கொடுக்க முடியும். அதுவரை அவர் ஷர்வினியின் கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில் மெத்தை போட்டுப் படுக்கிறார்.